மூன்று இடத்தில் முறிந்த கால்

"அஞ்சாவது படியில எண்ணெய் இருந்துச்சுன்னு எழுதட்டுமா, தண்ணின்னு எழுதட்டுமா, அண்ணா?"

மாடிப்படியின் அடியில் வலது காலை நீட்டி உட்கார்ந்தபடியே தம்பி கேட்டான். விழுந்து பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் பக்கத்தில் நின்ற குமாஸ்தாவின் கையில் வக்கீல் நோட்டீஸ் பாதி தயார்.

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் சங்கிலி பிடித்தவர். அந்தப் படிகளை நூல் பிடித்துக் கட்டியவர். மாடியைத் தம்பியின் அலுவலகத்துக்கு வாடகையின்றி விட்டவரும் அவர்தான்.

"கூடப் பொறந்தவனுக்கே நோட்டீஸாடா?"

"அண்ணன் வேற, கட்டடக்காரர் வேற. அண்ணன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

தம்பி விபத்து வக்கீல். ஊரார் வைத்த பெயர் 'சைரன்'. ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்பவன். கௌரவமான அந்தக் குடும்பத்தில், அடுத்தவன் எலும்பு முறிந்தால் முகம் மலரும் பிறவி இவன் ஒருவன்தான்.

ஆனாலும் பெரியவர் இதுவரை அவனைக் கண்டித்ததில்லை. முப்பது வருடத்துக்கு முன் தம்பியை விடுதியில் விடப் போனபோது, வளைவில் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போன பையன், இரண்டு நாள் கழித்துக் காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். பெரியவர் அன்றே பூர்வீக வீட்டில் தன் பங்கை எழுதிக் கொடுத்தார். அதை விற்ற பணத்தில்தான் தம்பி வக்கீலுக்குப் படித்தான்.

அந்தக் கட்டுப்போட்ட காலின் புகைப்படம் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் தம்பி அதைக் காட்டுவான்.

"மூணு இடத்துல முறிஞ்சுது. ஓட்டினது சொந்த அண்ணன். அடிபட்டவங்களுக்காகவே வாழணும்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்."

கீழ்வீட்டில் இருக்கும் அண்ணனுக்குக் கேட்கும்படிதான் சொல்வான். பெரியவர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

இப்போது துணியை எடுத்து ஐந்தாவது படியை அழுத்தித் துடைத்தார்.

"தடயத்தை அழிக்கிறார். குறிச்சுக்கோங்க" என்றான் தம்பி. குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து போட்டார்.

"வழுக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதையும் சேருங்க."

"கண்ணு பிடரியிலயாடா இருக்கு உனக்கு?"

"மன உளைச்சல். தனிப் பத்தியா எழுதுங்க."

பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீதிமன்ற வாசலில் சேவகன் நின்று ஒரே அப்பாவின் பெயரை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கூவுவது இப்போதே காதில் கேட்பது போலிருந்தது. அதைவிட அந்தப் படியிலேயே அவர் விழுந்திருக்கலாம்.

"மாடியை உன் பேருக்கே எழுதிடறேன். கோர்ட்டு மட்டும் வேண்டாம்."

தம்பியின் பையிலிருந்து பத்திரக் காகிதம் வந்த வேகத்தைப் பார்த்தால், விழுவதற்கு முன்பே அது தட்டச்சாகியிருக்க வேண்டும்.

பெரியவர் பேனாவைத் திறந்தவர், நிறுத்தினார். "இரு. இதே காலுதானேடா அன்னைக்கும் முறிஞ்சுது? பழைய முறிவு விட்டுப்போயிருந்தா? முதல்ல எக்ஸ்ரே எடுக்கலாம் வா."

"எக்ஸ்ரே எல்லாம் எதுக்குண்ணா!"

தலைவலி என்று வந்தவனைக்கூட எக்ஸ்ரேக்கு அனுப்புகிறவன், முதல் தடவையாக வேண்டாம் என்றான். "வலி குறைஞ்சிடுச்சு. நீங்க கையெழுத்தைப் போடுங்க."

"ஒரு தடவை உன் காலை உடைச்ச பாவம் போதும்" என்று பெரியவர் அவனை அள்ளி ஆட்டோவில் போட்டார். கதறக் கதறக் கொண்டுபோனார்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் பழைய கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். "மூணு இடம்மா. நான் பண்ணினதுதான். நல்லாப் பார்த்துச் சொல்லு."

வெளியே பெஞ்சில் காகிதத்தை மடியில் விரித்துக் காத்திருந்தார். தம்பி பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். மனம் பொறுக்காமல், முடிவு வருவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று பெரியவர் பேனாவை வைத்தபோது, அந்தப் பெண் படத்தோடு வந்தாள்.

"ஐயா, மூணு இடம்னு சொன்னீங்களேன்னு ரெண்டு காலையும் எடுத்துப் பார்த்துட்டேன். இவருக்குப் பொறந்ததுலேர்ந்து எந்தக் காலும் உடைஞ்சதே இல்லையே!"