பொறாமைமானி

கிணற்றுத் தண்ணீரில் பொறாமை கலந்திருக்கிறதாம்! சேறு கலக்கும், சாக்கடை கலக்கும். பொறாமையும் கலக்கும் என்று சொல்ல ஒரு ஞானி காரில் வந்து இறங்கியிருந்தார். நீர்ஞானி என்று பெயர். பள்ளி மைதானத்தில் நிற்க இடமில்லை.

மேசைமேல் இரண்டு தம்ளர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் ஞானி புட்டியில் கொண்டுவந்த புனித நீர். மின்சாரம் பாயும் இரும்புக் கம்பிகள் பூட்டிய 'பொறாமைமானி'யைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, குழம்பாகவே ஆகிவிட்டது. புனித நீரில் வைத்தார். பளிங்கு!

"பழுப்பு, பக்கத்து வீட்டுப் பொறாமை. பச்சை, சொந்தக்காரங்க பொறாமை."

கூட்டம் சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தது.

"உங்க அக்கா கண்ணு சரியில்லைன்னு அப்பவே சொன்னேன்ல!"

"உங்க அண்ணன் கண்ணு மட்டும் பன்னீரா?"

கிணற்றில் ஒரு மந்திரத் தகடு போட்டால் தீருமாம். விலை? பழுதாகிக் கிடந்த வடிகட்டித் தொட்டியைச் சரிசெய்ய, வீட்டுக்கு வீடு கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் எவ்வளவோ, அச்சொட்டாக அவ்வளவு. ஞானதிருஷ்டி என்றால் இதல்லவா!

தண்ணீர்க் குழுப் பொருளாளர் பணப்பையைத் திறந்தார். அறிவியல் டீச்சரான அவர் மனைவி பையைப் பிடித்தாள். இடுப்பில், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தை.

"ஏங்க, தொட்டி ஓடலைன்னா இவ இன்னும் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

"ஊர் முன்னாடி மானத்தை வாங்காதே."

"பையில மானம் எங்க இருக்கு? பணம்தானே இருக்கு."

பள்ளிச் சமையலறையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி வந்து புனித நீரில் கொட்டிக் கலக்கினாள்.

"இப்ப வைங்க உங்க மானியை."

"புனிதத்தைச் சோதிக்கக் கூடாதும்மா."

"அப்ப நானே வைக்கறேன்."

வைத்தாள். பழுப்பு. பச்சை. குழம்பு.

"உப்புக்கு யாரு சாமி சொந்தக்காரங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"உப்பு இருந்தா தண்ணியில கரண்ட் ஓடும், கம்பி கரையும். இது பொறாமை இல்ல, கம்பியோட துரு!" என்றாள் டீச்சர். "கிணத்துத் தண்ணியில இயற்கையாவே கொஞ்சம் உப்பு உண்டு. இவரு புட்டியில இருந்தது பேட்டரிக்கு ஊத்தற, உப்பே இல்லாத தண்ணி. இவளைப் படுக்க வெச்ச கிருமிக்கு நிறமே கிடையாது. அதைப் பிடிக்கத் தொட்டிதான் வேணும்."

ஞானி கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். திறந்தபோது, கார்ச் சக்கரம் நான்கிலும் காற்று இல்லை.

பொருளாளர் பையை மூடிக்கொண்டு தொட்டி மெக்கானிக்கைத் தேடி ஓடினார்.

தொட்டிக்குக் காசு வேண்டும், குழாய்க்குக் காசு வேண்டும். யோசிக்க மட்டும் காலணா வேண்டாம். நாம் சிக்கனம் பிடிப்பதோ அதில்தான்!