சகலை வீட்டிலிருந்து வந்த சீனப் பொடி

ரவுண்ட் ராக், டெக்சாஸ்

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலை திருமூர்த்தி அண்ணா அவர்களுக்கு, வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் தாங்களும் சாந்தாமணி நங்கையாவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது முழுக்கக் கோபம்.

எங்கள் மகள் வான்மதிக்கு, கிண்டர்கார்டன் சேர்ந்ததிலிருந்து மலம் சரியாகப் போவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். டாக்டர் ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தார். ஜூஸில் கலந்தால் ருசியே தெரியாது, கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்றார். இருந்தோம். அப்பத்தான் உங்க வீட்டுப் பார்சல் வந்துச்சு. பழுப்புப் பொடி, பாக்கெட் முழுக்கச் சீன எழுத்து, மோந்து பார்த்தா மழையில நனைஞ்ச சாக்கு வாசம். கூடவே ஃபேமிலி குரூப்புல உங்க மெசேஜ்: "குழந்தைகள் மலச்சிக்கலுக்குச் சீன மூலிகை, வழக்கமான மருந்தைவிட நன்றாக வேலை செய்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன." நீங்க எலெக்ட்ரிகல் இன்ஜினியருங்கண்ணா. உங்களை யாருங்க ஆய்வு படிக்கச் சொன்னது?

உங்க கொழுந்தியா மரகதம் எதையும் கம்பேர் பண்ணலை. காலையில டாக்டர் பொடி, சாயங்காலம் உங்க பொடி. "ரெண்டையும் கொடுத்தா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். "எனக்குத் தெரிய வேண்டாங்க, அவளுக்குப் போனாப் போதும்"னா. போச்சுங்கண்ணா. சனிக்கிழமை ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைகளுக்கு மளிகை வாங்கப் போறப்ப, ஃப்ரீவேல, எக்ஸிட்டே இல்லாத இடத்துல, புதுக் கார்ல போச்சு. புள்ள அழுவுறா, மரகதம் அழுவுறா, நான் கண்ணாடியை இறக்கிவிட்டு டிரைவ் பண்றேன். பக்கத்து லேன் ட்ரக்குக்காரர் அவர் கண்ணாடியை ஏத்திக்கிட்டாருங்க.

திங்கக்கிழமை டாக்டர்கிட்ட பாக்கெட்டைக் காட்டினேன். அந்தம்மா முகமே மாறிப்போச்சு. இதுல பேதிக்குக் கொடுக்கிற வேர் இருக்கலாம், என்ன எவ்வளவுன்னு தெரியாம புள்ளைக்குக் கொடுப்பீங்களா, உடம்புல தண்ணி வத்திப்போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னாங்க. அப்புறம் வான்மதிகிட்டயே கேட்டாங்க, ஸ்கூல்ல பாத்ரூம் போறியான்னு. "நோ. இட் ஃப்ளஷஸ் பை இட்செல்ஃப். ஐயாம் ஸ்டில் சிட்டிங்"னா. எந்திரிக்கறதுக்குள்ள தானாத் தண்ணி அடிக்குதாம். பயந்துட்டு நாள் முழுக்க அடக்கி வெச்சிருக்கா. எங்க யாருக்கும் கேக்கத் தோணலை. ஸ்கூல்ல சொன்னதும், டீச்சர் அந்தத் தானாத் தண்ணி அடிக்கிற சென்சார் மேல ஒரு பேப்பரை ஒட்டிவிட்டாங்க. இப்ப டாக்டர் பொடி மட்டும்தான், ஒழுங்காப் போறா.

இனிமேல் மருந்து பத்தி உங்க பேச்சு எங்க வீட்டுல எடுபடாது. கிறிஸ்துமஸ் லீவுக்கும் வரமாட்டோம். உங்க ஊர்ப் பெருமாள் கோயிலை நீங்களே சுத்திக்கங்க. அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, உங்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: கடிதத்தை மரகதம் படித்துவிட்டாள். பார்சல் அனுப்பியது நீங்கள் இல்லையாம். இவள் கேட்டு இவள் அக்கா, சாந்தாமணி நங்கையா, அனுப்பியதாம். உங்கள் மெசேஜில் 'ரீட் மோர்' அமுக்கினால், கீழே "ஆனால் ஆய்வுகள் சின்னவை, தரமும் போதாது, டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்" என்று இருக்கிறது. நான் அமுக்கவில்லை. ஆகவே மேலே 'நீங்க' என்று வரும் இடமெல்லாம் 'மரகதம்' என்று மாற்றிப் படிக்கவும். அப்படிப் படித்ததை அவளிடம் சொல்ல வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ஏர்போர்ட் வந்து எங்களைக் கூட்டிப்போகவும்.