பாசி வளக்க ஒரு லைட் வாங்கப் போனேன்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். புதுக்கோட்டைக்குப் போய் மீன் தொட்டிக்கு ஒரு லைட் வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். ஒரு லைட்.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க ஊரு வல்லத்திராக்கோட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரித் தோப்பு. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு கடல் மீன் வளக்குறவன் நான் ஒருத்தன்தான். கோட்டைப்பட்டினத்துல கேன்ல கடல் தண்ணி பிடிச்சு பஸ்ல கொண்டாருவேன். கண்டக்டர், "என்ன தம்பி, எண்ணெயா?"ம்பார். "கடல் தண்ணிங்க"ம்பேன். அதுக்கப்புறம் எங்கிட்ட டிக்கெட்டைத் தவிர வேற எதுவும் பேச மாட்டார்.

தொட்டியில ரெண்டே மீன். ஆரஞ்சு ஒடம்பு, வெள்ளைப் பட்டை. அதுக கழிக்கிற அழுக்கை உறிஞ்சி எடுக்குறதுக்காக, திருச்சியில இருந்து ஒரு கைப்பிடி கடல்பாசி வாங்கியாந்து மூலையில விட்டிருந்தேன். பச்சை நூல்கண்டைப் பூனை கலைச்சுப் போட்ட மாதிரி இருக்கும். பாசி வளந்தாத்தான் தண்ணி தெளியும். பாசி வளர சரியான வெளிச்சம் வேணும்.

அந்த வெளிச்சத்துலதான் நான் ரெண்டு தடவை கோட்டை விட்டேன்.

மொத தடவை, கடல் நீலந்தானேன்னு நீல ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்க! ரெண்டு வாரத்துல பாசி வெளுத்து, வேகவச்ச சேமியா மாதிரி ஆயிருச்சு.

ரெண்டாவது, ஆன்லைன்ல செடி வளக்குற லைட்னு ஒண்ணு வரவழைச்சேன். செவப்பும் நீலமும் கலந்து அடிக்கும். பாசிக்குப் புடிச்சுப் போச்சு. வீட்ல ஒருத்தருக்கும் புடிக்கல. ஹால் பூரா கத்தரிக்காய் கலரு. அப்பா சாப்பிட உக்காந்தவர் தட்டைக் குனிஞ்சு பாத்தார்.

"ஏத்தா, இது ரசமா, ரோஸ்மில்க்கா?"

அன்னைக்கே அந்த லைட்டுக்கு விடை குடுத்தாச்சு. அதுலேருந்து தண்ணி கலங்க ஆரம்பிச்சுச்சு. லேசா வாடை வேற.

அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. "இந்தா பாரு சரவணா, அமாவாசைக்கு வீடு கழுவுவேன். அதுக்குள்ள இந்தத் தண்ணி தெளியணும். இல்லேன்னா தொட்டியை வெளிய தூக்கி வச்சுட்டு மீனைக் கொளத்துல விட்டுருவேன்."

"அம்மா, அது கடல் மீன். கொளத்துல விட்டா செத்துரும்."

"அப்பக் கொழம்புல விடுறேன்."

அமாவாசைக்கு இன்னும் பன்னெண்டு நாள். ராவோட ராவா இங்கிட்டு அங்கிட்டு தேடிப் படிச்சேன். பத்து வாட்ஸ், வெள்ளை வெளிச்சம், அந்த வெள்ளைக்கு அளவு ஆறாயிரத்து ஐநூறு கெல்வின். அது போதும். ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டேன்.

சீட்டு எதுக்குன்னா, என் குரல் கொஞ்சம் சன்னம். ரேஷன் கடையில என் பேரை நான் சொன்னா, பின்னாடி நிக்கிறவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லுவார்.

எலெக்ட்ரிக் கடை அண்ணாச்சி சீட்டை வாங்கிப் பாத்தார்.

"கெல்வினா? அந்தக் கம்பெனி நமக்கு சப்ளை இல்லையே தம்பி. எதுக்கு இது?"

"பாசி வளக்கங்க."

"பாசி எடுக்கவா?"

"வளக்கங்க."

அவர் கடைக்குள்ள பாத்து சத்தம் போட்டார். "ஏப்பா, இங்க வந்து பாருங்கப்பா! ஊரே பாசி வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுக்கிட்டுத் திரியுது. தம்பி லைட் போட்டு வளக்குதாம்!"

கடையில இருந்த எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு.

"பத்து வாட்ஸ் போதுங்கண்ணே" ன்னேன்.

"என்னது, அம்பதா? இருக்கு."

"இல்லங்கண்ணே, பத்து..."

"வளக்குறதுன்னு ஆயிப்போச்சு, நல்லா வளரட்டுமே தம்பி. கபடி மேட்ச்சுக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க. நாலு லைட் போட்டா மைதானமே பகலாயிரும்." பேசிக்கிட்டே பெட்டியைக் கட்டி எங்கையில குடுத்துட்டார்.

வேற யாரா இருந்தாலும் வேணாம்னு சொல்லியிருப்பாங்க. நான் "ரொம்ப நன்றிங்கண்ணே" ன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வர்றதுக்குள்ள நல்ல மழை. விட்டதும், தொட்டிக்கு மேல ஜன்னல் கம்பியில லைட்டைக் கட்டி, அந்தி நேரத்துல சுவிட்சைப் போட்டேன்.

அப்பா துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கிட்டார். அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "என்னடா, கும்பாபிசேகமா?" ன்னாங்க. வெளிச்சம் ஜன்னலைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, முந்திரித் தோப்பு ஓரத்துல இருக்குற கரையான் புத்து வரைக்கும் போய் விழுந்துச்சு.

அங்க விழுந்ததுதான் வெனை.

மொதல்ல ஒரே ஒரு ஈசல் வந்துச்சு. அப்பா துண்டால தட்டி விட்டார். அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியல. ஜன்னல் வழியா பொகை மாதிரி உள்ள வந்து, லைட்டை நாலு சுத்து சுத்தி, பொத்து பொத்துன்னு தொட்டியில விழுகுது!

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் மழை விட்ட அந்தியில ஈசல் புடிக்கிறது உண்டு. புத்துக்குப் பக்கத்துல அண்டாவுல தண்ணி வைப்பாங்க. அதுக்கு மேல ஒரு வெளக்கைக் கட்டுவாங்க. வெளிச்சத்துக்கு வர்ற ஈசல் தண்ணியில விழும். அள்ளி, காயவச்சு, றெக்கையைப் பொடைச்சுட்டு, அரிசியோட வறுத்துத் திம்பாங்க.

தண்ணி. மேல வெளக்கு. பக்கத்துல புத்து.

நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு எனக்கே அப்பத்தான் வெளங்குச்சு.

பக்கத்து வீட்டு ராசாத்தி சின்னம்மாவுக்கு எனக்கு முன்னாடியே வெளங்கிருச்சு. ஈசல் அள்ளுற அரிப்புச் சல்லடையும் கையுமா வாசல்ல நின்னுச்சு. "ஏன்டா, ஈசலுக்குப் போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சின்னம்மா, இது ஈசலுக்கு இல்ல, பாசிக்கு..."

எங்க கேக்க! அது நேரா தொட்டிக்கிட்டப் போயிருச்சு.

"அடி ஆத்தி! கண்ணாடி அண்டா! எம்புட்டு விழுகுதுன்னு வெளியில இருந்தே தெரியுதே!" கையை உள்ள விட்டு என் பாசியைத் தூக்கிப் பாத்துச்சு. "ஏறித் தப்பிக்காம கால் சிக்கிக்கிற மாதிரி நாரு வேற போட்டிருக்கான் பாருங்க அண்ணே. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!"

"சின்னம்மா, உள்ள மீன் இருக்கு..."

"அதுக்கும் நாலு குடுப்போம், விடு!"

நான் சொல்லித்தான் ஆகணுமா? மீன் ரெண்டும் எம்பி எம்பித் தின்னுக்கிட்டிருந்துச்சுக. தண்ணிக்கு மேல றெக்கை ஒரு அடைபோல மொதக்குது. இது பூரா அழுகினா மீன் தாங்காது. லைட்டை அணைக்கலாம்னு சுவிட்சுக்கிட்டப் போனேன்.

"தொட்ட, கையை ஒடிச்சுருவேன்! இன்னும் வருதுல்ல!"

யாருன்னு பாத்தா, அம்மா! சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, எண்ணெய்க் கரண்டியோட நிக்கிறாங்க. தொட்டியைத் தூக்குவேன்னு சொன்ன அதே அம்மா.

ஈசல் ஓய்ஞ்சப்ப ரெண்டு சட்டி நெறைஞ்சிருந்துச்சு. எல்லாரும் போன பெறகு நான் டீ வடிகட்டியால றெக்கையை அரிச்சேன். இருந்த ரெண்டு கேன் கடல் தண்ணியையும் மாத்தி ஊத்தினேன். மீன் ரெண்டும் கொழுக்கட்டை மாதிரி வயித்தை வச்சுக்கிட்டு அடியில கெடந்துச்சுக. மறுநாள் பூரா அதுகளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஒண்ணு லேசா வாலை ஆட்டுச்சு. அப்பத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு.

அமாவாசை வந்துச்சு. அம்மா வீடு கழுவினாங்க. தண்ணி முக்கால்வாசிதான் தெளிஞ்சிருந்துச்சு. ஈசல் ஒரம் போட்டதோ என்னவோ, பாசி மட்டும் மூலையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அம்மா தொட்டியைச் சுத்தித் தொடைச்சுட்டு, அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க.

மனசு கேக்கல. பின்னாடியே போய், "அம்மா, தொட்டி..." ன்னு இழுத்தேன்.

"அது எங்கடா போகும்? ஐப்பசி மழை இன்னும் முடியலைல."

அப்பாடா! இனிமே மழை நாள்ல மட்டும் ஜன்னலைச் சாத்திட்டா தீந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். வெளிய வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. சாத்தலாம்னு ஜன்னலுக்கிட்டப் போனா, அந்தப் பக்கம் அரிப்போட ராசாத்தி சின்னம்மா.

"தம்பி, அன்னைக்கு ஈசல் அருமை. இன்னைக்குத் தொட்டியில உப்பை மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடு."