என்ன சம்பளம் வேண்டும் என்று கேட்டு எழுதிய அத்திம்பேருக்கு

திருத்தணி,
நந்தன வருஷம், தை மாதம் 20.

அத்திம்பேர் தியாகேசய்யர் அவர்கள் சமூகத்துக்கு, திருத்தணி மடைப்பள்ளி அனந்தநாராயணன் கரண்டி பிடித்த கையாலேயே பேனாவும் பிடித்து, அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு பார்வதமும் பெண்கள் இரண்டு பேரும் முருகன் கிருபையால் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் தாங்கள். பினாங்கில் தாங்களும் என் அக்கா சீதாலட்சுமியும் பரம சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொருத்தன் தூக்கத்தைக் கெடுக்கிறவர்களுக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை.

நிற்க. கார்த்திகையில் தாங்கள் எழுதிய கடிதத்தில், பினாங்குப் பிள்ளையார் கோயிலுக்கு நைவேத்தியம் செய்ய ஆள் வேண்டும், கமிட்டியாரிடம் உன் பெயரைச் சொல்லியாயிற்று, குடும்பத்தோடு வரலாம், குடியிருக்க வீடு உண்டு, பங்குனியில் கப்பல் என்றெல்லாம் அழகாக எழுதிவிட்டு, கடைசியில் "என்ன சம்பளம் வேண்டும் என்று நீயே எழுது, கமிட்டியார் தாராள மனசுக்காரர்கள், மாசிக்குள் பதில் வரவேண்டும்" என்று ஒரு வரி போட்டீர்களே, அந்த வரியைப் போடுவதற்குப் பதில் என்னைப் பிடித்துக் கடலில் தள்ளியிருக்கலாம். இவ்வளவு தருகிறோம், வருகிறாயா என்று கேட்டிருந்தால் ஆகட்டும் என்றோ மாட்டேன் என்றோ சொல்லிவிட்டு நிம்மதியாகப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். குறைத்துக் கேட்டால் அங்கே வந்து குடும்பம் பட்டினி. கூட்டிக் கேட்டால் கமிட்டியார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு மாசமாக இதே நினைப்பில், போன வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலில் உப்பைப் போட்டேன். சுவாமி பொறுத்துக்கொண்டார். சேவார்த்திகள் பொறுக்கவில்லை.

வராமலே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெரியவள் அபிராமசுந்தரிக்குத் தை பிறந்து பதினாலு வயசு ஆகிவிட்டது. இரண்டு இடத்தில் ஜாதகம் பொருந்தி வந்தது. இரண்டு இடத்திலும் ரொக்கம் எவ்வளவு என்றார்கள். எங்கள் வீட்டில் பிரசாதம் உண்டு, ரொக்கம் கிடையாது. வரதட்சிணையைப் புளியோதரையாக வாங்கிக்கொள்ள இந்த ஜில்லாவில் ஒரு சம்பந்தியும் சம்மதிப்பதாகத் தெரியவில்லை. ஆகையால் எனக்குப் பினாங்கு வேண்டும். பார்வதமோ, "போனா எல்லாருமாப் போவோம். இங்கே சாப்பிடறதுக்கு ஒரு பிடி குறைஞ்சாலும் நான் கப்பல்லே காலை வைக்க மாட்டேன். முதல்லே இங்கே நமக்கு என்ன கிடைக்கிறதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்கோ" என்று உட்கார்ந்துவிட்டாள். நியாயமான பேச்சுதான். அதுதான் வினை.

தாங்கள் ஊரை விட்டுப் போய் இருபது வருஷமாயிற்று, மறந்திருப்பீர்கள். எனக்குச் சம்பளம் மாசம் பதினாலு ரூபாய். அது பேருக்கு. மற்றதெல்லாம் பட்டைச் சாதம், அதாவது நைவேத்தியமான பொங்கலோ புளியோதரையோ. சொம்பில் அழுத்திக் கவிழ்த்தால் ஒரு பட்டை, நாளைக்கு எனக்கு ஆறு பட்டை. நாலு பட்டையை நாங்கள் சாப்பிடுகிறோம். ஒன்றைக் குப்பம்மாள் வாங்கிக்கொண்டு பால் ஊற்றுகிறாள். மிச்சம் ஒன்றை வண்ணானும் நாவிதனும் முறைபோட்டு வாங்கிக்கொள்கிறார்கள். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அரிசி வாங்கியதில்லை, பாலுக்குக் காசு கொடுத்ததில்லை, க்ஷவரத்துக்கு என்ன கூலி என்று கேட்டதில்லை. வீட்டு அடுப்பு காப்பிக்கும் ரசத்துக்கும்தான் எரிகிறது. எனக்கு நாற்பத்திரண்டு வயசு. ஆயிரம் பேருக்கு எத்தனை அரிசி களைய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். நாலு பேருக்கு எத்தனை என்று கேட்டால் விழிப்பேன்.

சரி, குப்பம்மாளிடமே பால் விலையைக் கேட்போம் என்று, "நாளையிலேருந்து பொங்கலுக்குப் பதிலாக் காசு குடுத்தா எவ்வளவு வாங்கிப்பே?" என்று கேட்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா சாமி, நான் இன்னா தப்பு பண்ணேன்? தண்ணி கலந்தேன்னு யாருனா சொல்லிக்கினு திரியறாங்களா? காசை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, எம் புள்ளைங்க காசையா துன்னும்?" என்று அழுதுகொண்டே போனவள் மூன்று நாள் வரவில்லை. மூன்று நாளும் வீட்டில் கறுப்புக் காப்பி. பார்வதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "பினாங்குப் பால்காரன் புளியோதரைக்குப் பால் ஊத்துவானான்னு உங்க அத்திம்பேரைக் கேளுங்கோ" என்றாள். கேட்டுவிட்டேன். தயவுசெய்து தெரிவிக்கவும்.

அப்புறம் இந்த டாலர் சமாசாரம். நூறு டாலர் என்றால் நம்மூர்க் காசில் எவ்வளவு என்று மிஷன் பள்ளிக்கூடத்து ஜெபரத்தினம் வாத்தியாரைப் போய்க் கேட்டேன். படித்த மனிதர், கையெடுத்துக் கும்பிடத்தக்கவர். "டாலருங்களா? ஆங், அது தெரியாதுங்களா? நாலு ரூபா பன்னெண்டணா. எங்க மிஷனுக்கு மாசாமாசம் வருதே" என்றார். அப்படியானால் நூறு டாலர் நானூற்று எழுபத்தைந்து ரூபாய்! அத்திம்பேரே, மூன்று நாள் நாங்கள் தாசில்தார் குடும்பமாக இருந்தோம். பார்வதம் நடையே மாறிவிட்டது. அபிராமசுந்தரிக்கு வைரத்தோடு என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமல் எதிர்வீட்டு வாசலைத் தாண்ட அவளால் முடியவில்லை. நாலாம் நாள் தபாலாபீசில் முத்திரை வாங்கப் போன இடத்தில், "ஐயரே, அது அமெரிக்கா டாலர். மலேயா டாலர் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே" என்றார்கள். வாத்தியார் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். "மன்னிச்சிக்கோங்க சாமி, எல்லா டாலரும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்" என்றார். மன்னித்தேன். ஆனால் தோட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரி இன்றைக்கும், "தோடு பட்டணத்திலேருந்து வந்துடுத்தா?" என்று கேட்கிறாள்.

சரி, ஆறு பட்டைக்கு எத்தனை அரிசி என்றாவது பார்த்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும் என்று, ஒரு பட்டையைத் தொன்னையில் வைத்து மூடிக்கொண்டு அரிசிக் கடை வீராசாமியிடம் போனேன். அரிசி விலை கேட்டதற்கே அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சாமி, உங்களுக்கு எதுக்கு அரிசி வெல? மலைமேல அடுப்பு அணைஞ்சி போச்சா?" என்றான். படி பத்தணா என்றும் சொன்னான். "இதைக் கொஞ்சம் தராசில் போட்டுச் சொல்லு" என்று தொன்னையை நீட்டினேன். "முருகா!" என்று இரண்டு கையாலும் வாங்கினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், வாயில் போட்டுக்கொண்டான். நான் ஐயோ என்று வாயைத் திறக்குமுன் முக்கால் பட்டை உள்ளே போய்விட்டது. மிச்சத்தைக் கடையிலிருந்த பேர்களுக்குப் பங்கிட்டான். "எடை பாக்கச் சொன்னேனேப்பா" என்றால், "பிரசாதத்தத் தராசுல வெச்சா என் கட உருப்படுமா சாமி? நீங்களே சொல்லுங்க நைனா" என்கிறான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வீராசாமிதான் பிறகு ஒரு யோசனை சொன்னான். "ஒரு பொருளோட வெல தெரியணும்னா, விக்கறேன்னு சொல்லிப் பாருங்க சாமி. மாட்டு வெலையே அப்பிடித்தான் தெரியும்" என்றான். என்னையும் மாட்டையும் ஒன்றாக்கிவிட்டானே என்று கோபம் வந்தாலும், யோசனை பிடித்திருந்தது. என் சித்தப்பா பிள்ளை கிட்டு, கோயிலில் சமைக்கும் முறை ஒன்றும் கிடைக்காமல் சும்மாத் திரிகிறான். என் மடைப்பள்ளி முறையைப் பங்காளிக்குள் கைமாற்ற எனக்குப் பாத்தியதை உண்டு. இன்று கோயிலிலிருந்து வந்ததும் அவன் வீட்டுக்குப் போய், விலை தெரிந்துகொள்வதற்காக மட்டும், "என் முறையை உனக்கு விட்டால் என்ன தருவாய்?" என்று கேட்டேன். பையனுக்கு முகமெல்லாம் பல். முந்நூறு என்றான். நான் சிரித்தேன். நானூற்றைம்பது என்றான். எழுந்திருந்தேன். அறுநூற்றைம்பது என்றான்! மாமனார் கொடுத்த ரொக்கமாம். அறுநூற்றைம்பது ரூபாய் அத்திம்பேரே, எனக்கு! நெஞ்சு விம்மிவிட்டது. அவன் ஓடிப்போய்ப் பஞ்சாட்சரம் பெரியப்பாவையும் இன்னும் இரண்டு பங்காளிகளையும் அழைத்து வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் வைத்து நீட்டினான். விலை சொன்ன சந்தோஷத்துக்கு மரியாதை செய்கிறான் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல தளிர் வெற்றிலை. பார்வதமும் நானும் போட்டுக்கொண்டோம்.

ஆகவே இப்போது கணக்குத் தீர்ந்தது. ஜெபரத்தினம் வாத்தியாரை வைத்தே போட்டேன். மலேயா டாலர் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போட ஆரம்பித்தார். அறுநூற்றைம்பது ரூபாய்க்கு நானூற்றிருபது டாலர் ஆகிறது. அதை அப்படியே கேட்பது அநியாயம். தங்கள் கோயில் தரையில் இருக்கிறது, இங்கே நான் நாள்தோறும் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறுகிறேன். படிக்கு அரை டாலர் வீதம் கழித்துவிட்டேன். மீதி இருநூற்று முப்பத்தெட்டு. கடல் தாண்டுவதற்குப் பார்வதம் பன்னிரண்டு சேர்த்தாள். மொட்டையாக இருக்கக் கூடாதென்று மேலே ஒன்று. "சாமி, கிட்டு சொன்னது ஒரு தடவைக்கான வெல இல்லீங்களா? நீங்க மாசாமாசம்னு போடறீங்களே?" என்று வாத்தியார் ஆரம்பித்தார். அமெரிக்கா டாலரை நினைவுபடுத்தினேன், கணக்கை நான் சொன்னபடியே போட்டார்.

எனவே கமிட்டியாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அனந்தநாராயணனுக்கு மாசம் இருநூற்றைம்பத்தொரு டாலர். ஒரு டாலர் குறைந்தாலும் வரமாட்டான். அவனுக்கு ஒன்றும் போக்கிடம் இல்லாமல் போய்விடவில்லை. மலைமேல் அவன் அப்பன் பாட்டன் முறை இருக்கிறது, ஆறு பட்டை இருக்கிறது. இந்தத் திருத்தணியை ஆந்திராவில் சேர்க்கப்போகிறார்கள் என்று வேறு கடைத்தெருவில் தினம் சண்டை. சேர்த்தால், கப்பல் ஏறாமலே நான் வேறு ராஜ்யம் போய்விடுவேன், கட்டணமும் மிச்சம். இதையும் கமிட்டியார் காதில் போட்டுவைக்கவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். அங்கே கறிவேப்பிலை கிடைக்குமா என்று பார்வதம் கேட்கச் சொன்னாள். வள்ளி மணாளன் தங்களுக்கும் அக்காவுக்கும் தீர்க்காயுசையும், வாயில் வந்ததை எழுதாமல் யோசித்து எழுதும் புத்தியையும் தந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
அனந்தநாராயணன்

பின்குறிப்பு: மேலே கண்டதை நேற்று எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று விடியற்காலை வழக்கம்போல் ஸ்நானம் செய்து மலை ஏறிப் போனேன். என் அடுப்புக்கு முன்னால் கிட்டு ஈர வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தான். அரிசி களைந்தாகிவிட்டது. "என்னடா இது?" என்றேன். "என்னண்ணா கேக்கறேள்? தாம்பூலம் வாங்கிண்டேளே" என்றான். விலை தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவே இல்லை, பாவம். விற்காத பொருளுக்கு எதற்கு விலை கேட்கிறீர்கள் என்றான். பஞ்சாட்சரம் பெரியப்பாவிடம் ஓடினேன். "நாலு பேர் பார்க்கத் தட்டை வாங்கிண்டு போய் வெத்தலையும் போட்டுண்டாச்சு. இனிமே அது கிட்டுவோட முறை. குழந்தை குட்டிக்காரன், நன்னா இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நம் பங்காளிகளுக்குள் பத்திரம் ஏது, வெற்றிலைதானே.

நான் கீழே இறங்கி வருவதற்குள் கிட்டு ஆள் மூலம் அறுநூற்றைம்பதையும் மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டான். யோக்கியன். பார்வதம் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை, திட்டவும் இல்லை. "இதை வெச்சுண்டு நாலு பேர் எத்தனை நாள் சாப்பிடலாம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அத்திம்பேரே. பத்து மணிக்குக் குழந்தைகள் பசி என்றார்கள். வீராசாமி கடைக்குப் போய் நின்றேன். எத்தனை படி சாமி என்றான். அதுவும் தெரியவில்லை. அவனே ஒரு படி அளந்து துண்டில் கொட்டினான், முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிடி கூடவும் போட்டான், காசு வேண்டாம் என்றான். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே இருநூற்றைம்பத்தொரு டாலர் என்று எழுதியிருக்கிற இடத்தைக் கமிட்டியாருக்குக் காட்ட வேண்டாம், கிழித்துவிடவும். சம்பளம் எவ்வளவு என்று எழுத வேண்டாம். கப்பல் என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள்.