அறுபதாம் பிறந்தநாளன்று அண்ணாச்சி காலமானார்

ஒருவர் செத்துப்போனார் என்று ஊருக்குச் சொல்ல முன்பெல்லாம் அச்சகம் வேண்டும், பசை வேண்டும், சுவர் சுவராக ஒட்ட ஆள் வேண்டும். இப்போது ஒரு கட்டைவிரல் போதும். அப்படி ஒரு கட்டைவிரலால் நான் என் மாமனாரைக் கொன்றிருக்கிறேன். (பதற வேண்டாம், சௌக்கியமாக இருக்கிறார். இன்று காலைகூட என்னைத் திட்டினார்.)

அப்போது அவர் எனக்கு மாமனார் ஆகியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைவீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி, அவ்வளவுதான். அவருடைய ஒரே மகள் சிவகாமிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. வீடியோ காலில் பேசி எங்கள் இருவருக்கும் பிடித்தும்விட்டது. அண்ணாச்சி மட்டும் 'பாப்பம்' என்பதைத் தாண்டி வரவில்லை. காரணம் என் உத்தியோகம்.

"தம்பிக்கு என்ன வேல?"

"டிஜிட்டல் மார்க்கெட்டிங், மாமா."

"அப்பிடீண்ணா?"

"ஒரு விஷயத்த இன்டர்நெட் வழியா நாலு பேருக்குக் கொண்டு சேக்கது."

"அதுக்கு எதுக்குடே ஆபீசு? சாலையில ஒருத்தன் தும்மினா நாலு பேருக்குத் தெரியுமே."

என் வேலை என்னவென்று அவருக்குக் காட்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். அவருடைய அறுபதாம் பிறந்தநாள் வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் இல்லாமல் என்ன அறுபதாம் கல்யாணம் என்று முறைத்துக்கொண்டு, விடிந்ததும் மனைவியோடு காரில் பொன்முடி மலைக்குப் போய்விட்டார். சரி, அவர் இல்லாவிட்டால் என்ன, சாலை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாழ்த்துப் போஸ்டர் போட்டு ஊரையே அசத்தலாம் என்று நான் உட்கார்ந்தேன்.

அந்த நாட்களில் நான் எங்கோ பிரேசிலில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளரின் வீடியோக்களுக்கு அடிமை. 'நிறம் என்பது கூச்சல். கறுப்பு வெள்ளைதான் கம்பீரம். சொற்களைக் குறை' என்பார். அவர் சொன்னபடியே அண்ணாச்சியின் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். பின்னணி முழுக்கக் கறுப்பு. மூலையில் வெள்ளைப் பூ. வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் பிறந்தநாளுக்காக ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நம் பண்பாட்டுக்கு அது ஒத்துவராதே என்று அதைத் தூக்கிவிட்டுக் குத்துவிளக்கு வைத்தேன். (இதற்குத்தான் எங்கள் ஆபீசில் உள்ளூர்மயமாக்கல் என்று பெயர்.) கீழே தமிழில் ஒரே ஒரு வரி: 'என்றும் எங்கள் நெஞ்சில் அண்ணாச்சி.' பிறந்தநாள், வாழ்த்து போன்ற சொற்களைச் சிக்கனம் கருதி வெட்டினேன். ஓரத்தில் என் பெயரும் போன் நம்பரும் மட்டும் சிக்கனம் பார்க்காமல் போட்டுக்கொண்டேன்.

கேரளத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எந்தச் சந்திப்பில் நின்றாலும் கறுப்பு வெள்ளைப் படமும் விளக்குமாக ஒரு ஃபிளக்ஸ் இருக்கும். அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று அது தோன்றவே இல்லை. குழுவில் போட்டேன். உடனே ஒருவர் கூப்பிய கையைப் பதிலாக அனுப்பினார். மரியாதையான மனிதர் என்று நினைத்தபடி போனை சைலன்ட்டில் வைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குள் போனேன்.

வெளியே வந்து பார்த்தால் குழு முழுக்கக் கூப்பிய கைகள். தமிழ் படிக்கத் தெரியாத மலையாளி வியாபாரிகள் படத்தைப் பார்த்து முடிவுக்கு வந்திருந்தார்கள். மலையாளம் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளும் அப்படியே. தமிழ் படிக்கத் தெரிந்த சிலர் அந்த ஒரு வரியையும் படித்து, சந்தேகமே இல்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

போன் அடித்தது. அண்ணாச்சிக்கு எதிர்க்கடை வாசுச் சேட்டன், அழுகைக் குரலில்.

"மோனே, எப்பழாயிருந்நு? இன்னலெ கூடி ஒருமிச்சு சாய குடிச்சதல்லே!"

நேற்றுகூட ஒன்றாக டீ குடித்தவர் எப்போது போனார் என்று கேட்கிறார். நான் வாய் திறப்பதற்குள், கடைகளெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று என்றும் சொன்னார். சாலையில் ஒரு வியாபாரி இறந்தால் அதுதான் வழக்கம். அடுத்த அழைப்பு, எப்போது எடுக்கிறீர்கள் என்றது. அதற்கடுத்தது மலர்வளையம் செய்கிறவர். போஸ்டரை அழித்தேன். என்ன பிரயோஜனம்? அதற்குள் அது ஷார்ஜா போய்ச் சேர்ந்திருந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாமியையும் கூப்பிட்டேன். அதே பதில். பொன்முடியில் சிக்னல் கிடைக்காதுதான், தெரியும். ஆனாலும் இத்தனை பேர் அழுகிறார்களே, விஷயம் இல்லாமலா அழுவார்கள் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. பொய்யைத் தயாரித்தவன் நான். அதை நம்பியவர்களிலும் நான் இருந்தேன். மலைப்பாதை, வளைவுகள், கார் என்று மனம் ஏதேதோ கோத்துப் பார்த்தது.

அப்போதுதான் சிவகாமி அழைத்தாள். நைட் டூட்டி முடிந்து போனைத் திறந்தவளுக்கு ஷார்ஜாவிலிருந்து அனுதாபம் வந்திருக்கிறது.

"அப்பாக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சிவகாமி. நான்தான் ஒரு போஸ்டர்..."

"நீங்க அப்பாவப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பேசினீங்களா?"

"இல்ல..."

"அப்ப ஒண்ணும் ஆகலண்ணு எப்பிடிச் சொல்லுகீங்க? எனக்கு அப்பா குரலக் கேக்கணும். இப்பம் கேக்கணும்."

அந்த அழுகையில் எனக்குக் கல்யாண ஆசையே மறந்துபோனது. ஆபீசில் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். விதுரை தாண்டி மலை ஏற ஏற, எதிரே ஆம்புலன்ஸ் வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தேன்.

ஒரு பெட்டிக்கடை முன்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரி. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். பிறந்தநாளுக்கு ஆசீர்வாதம் வாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"நல்லா இரிடே. எழும்பு. பழம்பொரி திங்கியா?"

எழுந்து விஷயத்தைச் சொன்னேன். பழம்பொரி கீழே விழுந்தது. "பாவி, எம் பிள்ள என்ன பாடு படுகாளோ" என்றார். என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. கார் மலையிறங்கியது. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். சிக்னல் கிடைத்த இடத்தில் சாலையோரமாக நிறுத்தி மகளைக் கூப்பிட்டார்.

"மக்களே, நான்தான். அப்பாதான்."

அந்தப் பக்கம் வெறும் அழுகை. "இங்க பாரு, கல்லு மாதிரி நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைவீதிக்கு வந்தோம். இருபுறமும் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. அவர் கடை வாசலில் என் போஸ்டர் ஆளுயர ஃபிளக்ஸாக நின்றது. (என் வடிவமைப்பு ஒன்று இவ்வளவு பெரிதாக அச்சேறியது அதுவே முதல்முறை.) வாசுச் சேட்டன் ஓடிவந்து அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தடவிப் பார்த்து, பிறகு ஒரு அடியும் கொடுத்தார்.

"கச்சவடவும் களஞ்ஞு உச்ச முதல் கரயுகயாணு ஞான்!"

வியாபாரத்தையும் விட்டுவிட்டு மதியத்திலிருந்து அழுகிறாராம். அண்ணாச்சி ஃபிளக்ஸை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தம்பி, ஒம்ம வேல என்னண்ணு இப்பம்தான் வெளங்கிச்சு" என்றார்.

அழுத வேகத்தில் சிவகாமி விமான டிக்கெட் எடுத்திருந்தாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அதை ரத்து செய்யவில்லை. மூத்த நர்ஸ் போஸ்டரைப் பார்த்துக் கொடுத்த லீவு, அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டாள். வந்ததும் என்னை நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்த பிறகு, அப்பாவைத் தேடி மலை ஏறினீர்களே என்றாள். அண்ணாச்சியும் அதையே சொல்லி, 'பாப்பம்' என்பதைத் தாண்டி வந்துவிட்டார். அந்த லீவிலேயே அறுபதாம் கல்யாணமும் எங்கள் கல்யாணமும் நடந்தன. கல்யாணப் பத்திரிகையை என்னை அடிக்கவிடவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் அயர்லாந்தில் இருக்கிறோம். ஊருக்குப் போன் போடாமல் சிவகாமிக்குப் பொழுது விடியாது. எடுத்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்பா, இருக்கியளா?"

அண்ணாச்சி கொஞ்சம் இருமுவார். பிறகு மாமியிடம் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொல்வார்.

"இரு மக்களே, ஒம் மாப்பிள ஸ்டேட்டஸப் பாத்துட்டுச் சொல்லுகேன்."