பூட்டப்பட்ட பதிப்பு

செங்குடை நாட்டில் மலை, சமவெளி, கடற்கரை என்று மூன்று மண்டலங்கள் இருந்தன. மூன்று மண்டலத்துக் கணினிகளும் மூன்று விதம். ஒன்றின் இயங்குதளம் மற்றொன்றில் கிடையாது. ஆனால் ரேஷன் அரிசி வழங்கும் மென்பொருள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

அதைத் தலைநகரில் பராமரித்தவள் பொற்கொடி. அந்த மென்பொருள் பெயரைப் படிக்க ஒன்று, எடையைக் கணக்கிட ஒன்று என யார் யாரோ எழுதிய பல சிறு நிரல்களை நம்பி ஓடியது. கணினித்துறை அமைச்சர் தாண்டவராயருக்கு அது தெரியாது. நாடு முன்னேறுவதால் எல்லா நிரல்களும் எந்நேரமும் ஆகப் புதிய பதிப்பாகவே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ரேஷன் கடைக் கணினிகள் தினமும் காலையில் கைக்கு அகப்பட்ட புதுசையெல்லாம் இறக்கிக்கொண்டன.

ஒருநாள் பெயர் படிக்கும் நிரலின் புதிய பதிப்பு மலைக் கணினிகளில் மட்டும் தடுமாறியது. பெயருக்கு முன் இனிஷியல், அதாவது முன்னெழுத்து, இல்லாதவர்கள் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்தது. மலையில் யாருக்கும் முன்னெழுத்து கிடையாது. மாதி என்ற பெண் மூன்று பிள்ளைகளோடு கடையிலிருந்து வெறும் பையுடன் திரும்பினாள்.

பொற்கொடி அமைச்சரிடம் ஓடினாள். அவர் தன் மேசைக் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"இங்க நல்லா ஓடுதேம்மா. கோளாறு மென்பொருள்ல இல்ல, அந்த ஜனங்க பேர்ல இருக்கு."

மலைமக்கள் உடனே முன்னெழுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. எதை வைப்பது என்று தெரியாதவர்களுக்கு அமைச்சரின் முன்னெழுத்தே பெருந்தன்மையோடு வழங்கப்பட்டது. கணினி மலை முழுவதையும் ஒரே குடும்பமாக எண்ணி ஒரே பங்கு அரிசி அளந்தது.

பொற்கொடி யாரையும் கேட்கவில்லை. ஒழுங்காக ஓடிய பழைய பதிப்புகளைத் தேடியெடுத்து, மூன்று வகைக் கணினிகளிலும் ஓட்டிப் பார்த்தாள். இனி இந்தப் பதிப்புகளை மட்டுமே எடுக்க வேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் பூட்டுப் போட்டாள். முன்னெழுத்து கேட்காமலே மலையிலும் குடும்பத்துக்குக் குடும்பம் அரிசி வந்தது.

அமைச்சர் கூப்பிட்டனுப்பி விளக்கம் கேட்டார். நன்றாக ஓடும் பதிப்பைப் பூட்டிவிட்டதாகவும், யாரும் நினைத்தபடி மாற்ற முடியாது என்றும் அவள் சொன்னாள். அவர் 'பூட்டு' என்ற சொல்லை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் மூன்றாவது ஆணை வெளியானது: "அடிக்கடி மாற்றுவது நாட்டை முடக்கும் எனப் பொறியாளர்கள் நிரூபித்துள்ளதால், அமைச்சரவை இப்போதைய பதிப்பிலேயே பூட்டப்படுகிறது. தேர்தல் இனி தேவையில்லை."

பொற்கொடி ஆணைத் தாளோடு கிளம்பினாள். நேரே அமைச்சரிடம் போய்ச் சொன்னாள்.

"நான் பூட்டினது, அடுத்த பதிப்பை மூணு இடத்துலயும் சோதிச்சுட்டு மாத்தறதுக்குங்க ஐயா. மாத்தவே கூடாதுன்னு இல்ல."

"மாத்தறத பத்தி நீ ஏம்மா கவலைப்படறே?" என்றார் அமைச்சர். அவளுக்குப் பதக்கம் அறிவித்தார்.

பதக்கம் வாங்க அவள் போகவில்லை. மலைக்குப் பஸ் ஏறினாள். கடை வாசலில் அரிசிப் பையோடு நின்ற மாதி, பதக்க அறிவிப்பில் வந்த படத்தை வைத்து அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பூட்டுனது நீதானாம்மே? மந்திரிங்க போட்டுக்கிட்ட பூட்டத் தெறக்கத் தெரியுமா?"

தெரியும், ஆனால் ஒருத்தியால் முடியாது என்றாள் பொற்கொடி. எப்படி என்று சொல்லத் தொடங்கினாள். அரிசி வாங்கி முடித்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.