அனைத்தும் நானே

"டேய் மெட்டு, இந்தப் பாட்டு ஒண்ணுதான் ஆல்பத்துலயே உயிரோட இருக்கு. மத்ததெல்லாம் சும்மா மூச்சு விடுது, அவ்வளவுதான்," என்றார் சவுண்ட் இன்ஜினியர் போனில். "இந்த டியூன் எப்படிப்பா வந்தது உனக்கு?"

மெட்டு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

மெட்டு என்பது நண்பர்கள் வைத்த பெயர். கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. வீட்டுப் படுக்கையறையிலேயே பாட்டுப் போட்டு, பாடி, பதிவு செய்து, தானே வெளியிடுகிற தனிக்காட்டு ராஜா. பதிவானதை மெருகேற்றித் தர மட்டும் வெளியே ஒரு இன்ஜினியர். அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலில் கம்பளி, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் வீட்டில் யாரும் வாய் திறந்து கூப்பிடக் கூடாது. இந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தை பீரோவுக்குள் தள்ளினார். மாமியார் தன் வீட்டுக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று என்று சேர்த்து வாங்கிய வாஷிங் மெஷினையும் விட்டுவைக்கவில்லை; வந்த அன்றே அதன் சத்தத்தை அடைத்தார். "துவைக்கிறதை மெஷின் பார்த்துக்கட்டும், காயப்போடுறது இனிமே என் பொறுப்பு" என்று அன்றைக்கு மாமியார் முன்னால் மார்தட்டியதும் இதே மனிதர்தான். அதைச் சொன்ன அடுத்த நாளே மறந்துபோனார், பாவம், கலைஞர்.

மனைவியை மட்டும் அவர் அடைக்க வேண்டியிருக்கவில்லை. பல்பு எரிந்தால் அவளாகவே பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

நடந்தது இதுதான். ஒரு நாள் காதல் பாட்டு ஒன்றைப் பதிவு செய்துவிட்டுக் கேட்டபோது பின்னால் ஏதோ இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தன் குரலைக் குறைத்து, அந்தச் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சலாவது ஒன்றாவது! துணி காயப்போடும் பின்பக்க பால்கனியில் மனைவி வாயை மூடியபடி முனகிக்கொண்டிருந்த ஒரு மெட்டு அது. துள்ளிக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் தயங்கி, கொஞ்சலாகக் கீழே இறங்கியது. யாரையோ விடாமல் கூப்பிடுவது போல இருந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பாட்டை அழித்தார். அவள் மெட்டை எடுத்துக்கொண்டார். 'கேட்கவில்லையா?' என்று ஆரம்பித்து உருகி உருகி வரிகள் எழுதினார். ஆல்பத்துக்கே அதுதான் பெயர். அட்டையில் தன் படத்துக்குக் கீழே, 'சொல், இசை, குரல்: அனைத்தும் நானே.'

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? போன வருஷம்தான் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "இவளுக்குப் பாட்டைப் பத்தி என்னங்க தெரியும்" என்று கேட்டுச் சிரித்தவர். அன்றைக்கு அவளும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது முள்ளாகக் குத்தியது.

"என்னப்பா, லைன்ல இருக்கியா?" என்றார் இன்ஜினியர். "எப்படி வந்தது டியூன்?"

"அது... எங்க அம்மா. சின்ன வயசுல பாடுவாங்க."

வாயில் வந்ததைச் சொன்னார். இன்ஜினியரோ இளகிய மனசுக்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை வைத்தவர், ஒரு மணி நேரத்தில் 'தாயின் தாலாட்டு ஆல்பமாகிறது' என்று ஊருக்கெல்லாம் செய்தி போட்டுவிட்டார்.

அடுத்து அம்மாவின் போன்.

"ஏண்டா, நான் எப்படா பாடினேன்? நான் வாயைத் திறந்தா நீ இன்னும் ஓங்கி அழுவே. ரேடியோவைப் போட்டுட்டு என் வேலையைப் பார்ப்பேன்."

"அம்மா, யாராவது கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிடும்மா."

"இந்த வயசுல என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? என்னால முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என் போட்டோ வருமா?"

சாயங்காலத்துக்குள் அம்மா உறவுமுறை மொத்தத்துக்கும் சொல்லி முடித்தாள். தாலாட்டாக இருந்தது, இவர் வயிற்றில் இருந்தபோதே பாடியதாக வளர்ந்தது. சம்பந்தியம்மாவையும் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து என் பாட்டைக் கேட்டுட்டுப் போங்க" என்று அவளே அழைப்பு வைத்துவிட்டாள்.

"அத்தை பாடுவாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றாள் மனைவி, சாப்பாடு போட்டுக்கொண்டே. "எனக்கு மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"சஸ்பென்ஸ்."

"சரி, சாப்பிடுங்க. பாவம், ஆல்பம் ஆல்பம்னு பாதியா இளைச்சுட்டீங்க." இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திருட்டுப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு, பொருளுக்குச் சொந்தக்காரி கையாலேயே சாப்பிடுகிறோமே என்று மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

மறுநாள் அறையைச் சாத்திக்கொண்டு மெட்டை மாற்றிப் பார்த்தார். ஏறுகிற இடத்தில் இறக்கினார், தயங்குகிற இடத்தில் ஓடவிட்டார். அனுப்பிய கையோடு இன்ஜினியர் கூப்பிட்டார்.

"யாருப்பா இதைக் கொன்னது?"

"இல்ல, ஒரு மாறுதலுக்கு..."

"அம்மா பாட்டுல கை வைக்க உனக்கு எப்படி மனசு வருது? பழசுதான் வெளியே போகுது. ஞாயித்துக்கிழமை நானே ஸ்பீக்கரோட வரேன். அம்மா காலடியில உட்கார்ந்து கேட்கணும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அம்மா நல்ல புடவை கட்டி, நடு நாற்காலியில் உட்கார்ந்து, தேவையில்லாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் நிஜமாகவே தரையில் உட்கார்ந்தார். மாமியார் சுவரோரமாக, வந்த இடத்தில் வாயைக் கொடுக்கக் கூடாது என்ற முகத்தோடு இருந்தார். மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்து நின்றாள். மெட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. மெட்டு துள்ளி ஏறியது, உச்சியில் தயங்கியது.

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

அதே நேரம் மாமியார் விருட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று பின்பக்க பால்கனிக்குப் போய்விட்டார்.

போச்சு! ஒருத்தி அழுகிறாள், இன்னொருத்தி முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் எழுந்தே போய்விட்டாள். மெட்டுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பாய்ந்து போய்ப் பாட்டை நிறுத்தினார்.

"போதும். என்னால முடியல. இது அம்மா பாடினது இல்ல. நான் போட்டதும் இல்ல. இவளோட மெட்டு. இவ பால்கனியில நின்னு முனகினதை ஒட்டுக்கேட்டுத் திருடிட்டேன். கேட்டா கொடுத்திருப்பா. கேட்க வெட்கமா இருந்துச்சு. நாலு பேர் முன்னால இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னவன் நான்."

"அப்போ நான் பாடலையா?" என்றாள் அம்மா, நிஜமாகவே அதிர்ந்துபோய்.

இன்ஜினியர் தரையிலிருந்து மெல்ல எழுந்து, நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"அட்டையை மாத்திடலாம்," என்றார் மெட்டு. "இசைன்னு இவ பேரைப் போட்டுடலாம். 'அனைத்தும் நானே'வை எடுத்துடலாம்." மனைவி பக்கம் திரும்பினார். " அழாதே. நீ எவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. உனக்குள்ள எவ்வளவு ஏக்கம் இருந்தா இப்படி ஒரு மெட்டு வந்திருக்கும்!"

மனைவி திரும்பினாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஆனால் அழுகை இல்லை. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை, மறுபடி முந்தானைக்குள் போய்விட்டாள்.

பால்கனியிலிருந்து மாமியார் திரும்பி வந்தார். இடுப்பில் துணிக்கூடை. கூடை காலி. வழி தவறி வந்தவர் போலத் திருதிருவென்று விழித்தார்.

"நீயே... நீயே சொல்லும்மா," என்றாள் மனைவி, ஒருவழியாக.

மாமியார் கூடையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை குறையாமல், மெதுவாகச் சொன்னார்:

"எங்க வீட்டு மெஷின் துவைச்சு முடிச்சதும் இதைத்தான் பாடும் மாப்பிள்ளை, உங்க மெஷின் வாயை நீங்க அடைச்சுட்டீங்களா, அதான், துணி காயப்போட வாங்கன்னு இத்தனை வருஷமா இவளே பாடிப் பாடி உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா."